செல்லாயி செய்த நான்கு கால் திமிங்கலம்

கடலூர் வண்டிப்பாளையத்துச் செல்லாயியோடு நான் பத்து நாள் பேசாமல் இருந்தேன். 2010 டிசம்பர் பதின்மூன்றிலிருந்து இருபத்து மூன்று வரை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜோதி மேரி டீச்சர் தன் தப்பை ஒப்புக்கொண்டாள் என்றால் என்னிடம் உயிரியல் படித்த பெண்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லாயி பிறந்தது அண்ணாகிராமம் பக்கம். எட்டாவது வரை படித்துவிட்டு முந்திரி உடைக்கப் போனாள். பதினெட்டு வயதில் அத்தை மகன் சாமிக்கண்ணுவுக்கு வாழ்க்கைப்பட்டு வண்டிப்பாளையம் வந்தாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்த விரல் நுனிகள் மண் பிசைந்து பிசைந்து வெளுத்தன. அவர்கள் கொட்டகையில் கொலு பொம்மையும் செய்வார்கள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்வார்கள். கண்ணனுக்குப் பக்கத்தில் நிற்கிற மாடும் மாட்டுத் தொழுவத்தில் பாலனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற மாடும் அங்கே அக்கா தங்கைதான். கும்பிட்டபடி நிற்கும் பக்தருக்குத் தாடி ஒட்டினால் பாலனின் வளர்ப்பு அப்பா சூசையப்பர். இதில் யாருக்கும் வருத்தம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆடியில் சூடு பிடிக்கும் வேலை மார்கழிப் பாதியில் படுத்துவிடும். பொங்கல் கழிந்ததும் சாமிக்கண்ணு திருச்சூருக்குக் கட்டட வேலைக்குப் போவார். திரும்பி வர ஆடி ஆகும். 2010 கோடையில் சாரம் சரிந்து விழுந்ததில் அவருக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. செல்லாயிக்குச் செய்தி எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. "அந்த எட்டு நாளும் பக்கத்து வூட்டுக் கல்யாணத்துல சிரிச்சிப் பேசிக்கினு திரிஞ்சேனே டீச்சர்" என்று அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அவர் விழுந்ததைவிட, அவர் விழுந்து கிடந்தபோது தான் சிரித்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்த அக்டோபரில்தான் நான் அவளைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். ஜனவரியில் சிதம்பரத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. திமிங்கலம் எப்படித் திமிங்கலமானது என்பதை ஐந்து பொம்மைகளில் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் அது நிலத்தில் நாலு காலில் நடந்த விலங்கு. ஆற்றோரம் வாழ்ந்து, நீரில் இறங்கி, முன்னங்கால் துடுப்பாகி, பின்னங்கால் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் உடம்புக்குள்ளேயே இரண்டு சின்ன எலும்பாக ஒளிந்துகொண்டது. படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பொம்மையாகக் கையில் கொடுத்தால் கொட்டாவி வராது என்று நினைத்தேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் வந்த செல்லாயி நான் நீட்டிய படங்களைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த சுருள் கல்லை எடுத்தாள். திட்டக்குடிப் பக்கம் வெள்ளாற்றைத் தாண்டி ஒரு வயலில் கிடைத்தது என்று ஒரு மாணவி கொடுத்தது. நத்தை போல் சுருண்டிருக்கும். கடல் அங்கே வரை இருந்த காலத்தில் வாழ்ந்த பிராணி.

"இது இன்னா டீச்சர்?"

"உயிரோட இருந்த பிராணி. கல்லாப் போயிடுச்சு" என்றேன். இருபது வருஷமாக எல்லாரிடமும் சொல்கிற பதில்.

செல்லாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். "இது அது இல்ல டீச்சர். அதோட ஓட்டுக்குள்ள சேறு பூந்து இறுகியிருக்குது. ஓடு கரைஞ்சி போயிடுச்சி. நிக்கறது சேறுதான். ஓடு அச்சி, இது பொம்ம."

எனக்குச் சுருக்கென்றது. உள்வார்ப்பு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. தேர்வுக்கு வராது என்று நான் தாண்டிப்போகிற வரி. எட்டாவது படித்தவள் கட்டைவிரலால் படித்துவிட்டாள்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"சொல்லணுமா? நாளு முழுக்க இத்தத்தான செய்யிறேன்."

படங்களைக் காட்டிச் சொன்னேன். ஐந்து விலங்கு, ஒரு முழம் நீளம், ஐந்துக்கும் தனித்தனியாகப் புது அச்சு. கண்காட்சிச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது: நன்றாக அமைகிற பாடப்பொருளை மற்றப் பள்ளிகளும் வாங்கிக்கொள்ளலாம். அதையும் சொன்னேன். அவள் படங்களை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பிடின்னா பொங்கலுக்கு அப்புறமும் வேலை இருக்கும். மாமா கேரளாவுக்குப் போவ வேணாம்."

"அவசரப்படாதே. முதல்ல பொம்மை நல்லா வரணும்."

"வரும் டீச்சர். வரவச்சிடுவேன்."

டிசம்பர் பதின்மூன்று, திங்கட்கிழமை. ஆட்டோவில் வைக்கோலில் பொதிந்து ஐந்தும் வந்தன. முதல் பார்வைக்கு நான் மயங்கித்தான் போனேன். முதலாவது ஓநாய் போல் கூர் மூஞ்சி. இரண்டாவது முதலைபோல் தாழ்ந்து பதுங்கியது. நான்காவதின் வாலோரம் பின்னங்கால்கள் மிளகாய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது நம் காலத்துத் திமிங்கலம். வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று மற்றொன்றுக்குள் நழுவிப் போகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. இடது காதுக்குப் பின்னால் பிறை மாதிரி ஒரு வடு, நகம் பட்ட பள்ளம். முதல் பொம்மையில் இருந்தது. இரண்டாவதில் இருந்தது. மூன்றாவது, நான்காவது. காது மடலே இல்லாத திமிங்கலத்திலும் காது இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் அதே பள்ளம், அதே சாய்வில்.

"இது என்ன?"

செல்லாயி எட்டிப் பார்த்தாள். "அதுவா? அது எப்பவும் இருக்கறதுதான் டீச்சர். தாய் அச்சில இருக்குது."

"என்ன தாய் அச்சு? அஞ்சும் புது அச்சுன்னுதானே சொன்னேன்?"

"புதுசுன்னா யாரும் வெறும் மண்ணுலேர்ந்து எடுக்க மாட்டாங்க டீச்சர். இருக்கற அச்சில மண்ணப் போட்டு எடுத்து, ஈரமா இருக்கறப்பவே இங்க அறுத்து அங்க ஒட்டி ஆளையே மாத்திடுவோம். அதுக்கு மேல புது அச்சி. எங்க கொட்டாயில மாட்டுலேர்ந்துதான் குதிரை, மானு, ஆடு எல்லாம். இத்தயும் மாட்டுலேர்ந்துதான் மாத்திக்கினு வந்தேன். மாட்ட மொதல்ல இதுவா, இத்த அதுவா…"

"மாட்டுலேர்ந்து திமிங்கலமா!" எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்திருந்தது. சிரிப்புக் கலந்த கோபம்தான் ஆளை அதிகமாகக் குத்தும். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது கேள்விப்பட்டிருக்கேன். நீ மாடு பிடிச்சித் திமிங்கலம் ஆக்கியிருக்கே. இத்தனை வருஷமா இந்த ஓட்டையைப் பார்க்கலையா நீங்க? கண்ணு எங்கே வச்சிருந்தீங்க? அச்சிலயே இருக்கிற கோளாறைத் தலைமுறை தலைமுறையா வித்துக்கிட்டு இருக்கீங்க. எடுத்துட்டுப் போ. இது அச்சிலேயே இருக்கக் கூடாது."

அவள் பொம்மைகளை மறுபடி வைக்கோலில் வைத்தாள். வாசலில் திரும்பி, "கண்காட்சிக்கு நாளு இருக்குதே டீச்சர், செஞ்சித் தந்துடறேன்" என்றாள். நான் விடைத்தாளைத் திருத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சிதம்பரத்தில் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் விழித்திருக்காத நேரத்தில் ஓர் இளம் விரிவுரையாளர் திமிங்கலத்தைப் பற்றிப் பேசினார். காஷ்மீரில் கிடைத்த ஒரு விலங்கு. மான்குட்டி மாதிரி மெலிந்த உடம்பு, பூனையைவிடச் சற்றுப் பெரியது, குளம்புக் கால். நம் நாட்டு நிலவியலாளர் ஒருவர் சேகரித்த கற்களில் அதன் எலும்புகள் இருந்தன. அவர் இறந்த பிறகு அவர் மனைவி அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு கைதவறி உடைந்தது. உடைந்த இடத்தில் காது எலும்பு தெரிந்தது. அதன் உட்புறச் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. திமிங்கலக் கூட்டத்தைத் தவிர வேறு எந்த விலங்கின் காதிலும் அப்படிப் பார்த்ததில்லை.

"உடம்பு மாறும், கால் போகும், மூக்கு இடம் மாறும்" என்றார் அவர். "ஆனா காதில் இருக்கிற இந்த ஒரு தடிப்பு வம்சம் முழுக்க வருது. சொந்தம் எங்கே தெரியும்னா இப்படிச் சின்ன இடத்தில்தான் தெரியும். இன்னொன்று, திமிங்கலம் குளம்பு விலங்குகளின் கூட்டம். மாடு, மான், நீர்யானை எல்லாம் அதற்குச் சொந்தம். மாட்டிலிருந்து திமிங்கலம் வரவில்லை. இரண்டுக்கும் மிகப் பழைய ஒரு மூதாதை."

எனக்கு வியர்த்தது. மார்கழி மாதத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. திரும்பி வருகிற பேருந்தில் மாட்டுலேர்ந்து திமிங்கலமா என்று நான் சிரித்த சிரிப்பு என் காதிலேயே கேட்டுக்கொண்டு வந்தது. ஆனாலும் பாருங்கள், போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் என்கிற வீம்பு. அரையாண்டுத் தேர்வு இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது என்று எனக்கு நானே விடுப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி மாலை வீட்டில் குடில் கட்டினோம். வீட்டில் நானும் என் அப்பா அடைக்கலராஜும்தான். அப்பாவுக்கு எண்பது. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். குடில் பொம்மைகளை அவர் 1978இல் வாங்கினார். துணி சுற்றிய பொதியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் வைக்கோலில் வைத்தேன். மாட்டை வைக்கும்போது என் விரல் எதிலோ இடறியது.

இடது காதுக்குப் பின்னால் பிறை மாதிரி ஒரு பள்ளம்.

ஆட்டுக்குட்டியைத் திருப்பினேன். இருந்தது. கழுதையிடம் இருந்தது. பாலனைப் பார்க்க வரும் மூவரசர்களின் ஒட்டகத்திடம்கூட இருந்தது. முப்பத்திரண்டு கிறிஸ்துமஸ் இந்தப் பொம்மைகளைத் துடைத்து வைத்திருக்கிறேன். கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவளைக் கேட்டேனே, என் கண் எங்கே இருந்தது? வெண்ணெயை வீட்டில் வைத்துக்கொண்டு நெய்க்குச் சிதம்பரம் வரை அலைந்திருக்கிறேன். அவள் கோளாறு செய்யவில்லை. ஐந்து கோடி வருஷம் நடந்த வேலையை, அது நடந்த விதத்திலேயே செய்து காட்டியிருக்கிறாள். புதிதாக எதையும் வெறும் மண்ணிலிருந்து எடுக்காமல், இருப்பதை மாற்றி மாற்றி, மாற்றிய இடத்தில் பழைய வடு போகாமல். நான் குடில் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்பா பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டிப்பாளையத்தில் இருந்தேன். செல்லாயி வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க டீச்சர், நானே எடுத்தாறலாம்னு இருந்தேன்" என்று உள்ளே போய் ஐந்து பொம்மைகளையும் கொண்டுவந்தாள். வழவழவென்று இருந்தன. வடு இல்லை.

"மாவு வச்சி அடைச்சிட்டியா?"

"அச்சிலயே சொரண்டிட்டேன் டீச்சர். அச்சில அது மேடா இருக்கும், பொம்மையில பள்ளமா வுழும். மேட்ட எடுத்துட்டா முடிஞ்சது. புதுசா எடுத்து, சுட்டு, வர்ணமும் அடிச்சாச்சி."

"இந்த அஞ்சு அச்சிலயும்தானே? மாட்டு அச்சு இருக்குல்ல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் நின்ற சாமிக்கண்ணுதான் பதில் சொன்னார். "எல்லாத்தையும் சொரண்டிட்டா டீச்சரம்மா. மாடு, குதிரை, ஆடு, ஒண்ணு பாக்கி இல்ல. ரெண்டு நாளு சோறு திங்கல."

"தலைமுறை தலைமுறையா கோளாற வித்துருக்கோம்னு நீங்க சொன்னப்ப எனக்கு உடம்பே கூசிப்போச்சி டீச்சர்" என்றாள் செல்லாயி. "எத்தினி வூட்டுக் கொலுவுல, எத்தினி குடில்ல… பாத்துட்டு என்னா நெனச்சிருப்பாங்க?"

நான் கொட்டகையிலேயே மண்மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிதம்பரத்தில் கேட்டதை எல்லாம் சொன்னேன். உடைந்த மண்டையோடு, காது எலும்பு, மாடும் திமிங்கலமும் சொந்தம். சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னது தப்பு செல்லாயி. மன்னிச்சிடு" என்றேன். இருபத்தாறு வருஷ வேலையில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவ்வளவு கஷ்டமாக இல்லை.

செல்லாயி என்னைப் பார்க்கவில்லை, சாமிக்கண்ணுவைப் பார்த்தாள். "அந்த வடு யாரால வந்தது தெரியுமா டீச்சர்? இவரால. எங்க அத்த சின்னம்மா, இவரு அம்மா, மொதமொதல்ல மாடு புடிச்சிக்கினு இருக்கறப்ப இவரு தொட்டில்ல வீல்னு கத்துனாராம். பதறி எழுந்திரிக்கறப்ப நகம் வுழுந்துருச்சி. அந்த வடுவ அழிக்காமயே அத்த அச்சி எடுத்துடுச்சி. இந்த மாட்ட எங்க பாத்தாலும் எம் புள்ள கத்துனது ஞாபகம் வருதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தார். அம்மாவின் நகம் பட்ட இடத்தைத் தன் மனைவி சுரண்டுவதைப் பத்து நாளாக ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். எல்லாம் அவரைக் கேரளாவுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வதற்காக என்பதும் அவருக்குத் தெரியும்.

"இப்ப நகத்தால ஒரு கீறல் போட்டா?" என்றேன், அசட்டுத்தனமாக.

"எந் நகம் வேற டீச்சர். ஒண்ணொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி வுழும். போட்டா பொய்யிதான்."

வாத்தியாராக இருந்தும் எனக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. அச்சில் வடு அழிந்தால் என்ன? பொம்மை இருக்கிறதே. ஓட்டுக்குள் கல்லாய்ப் போன சேறு, ஓடு எப்படி இருந்தது என்று சொல்லவில்லையா?

"எங்க வீட்டுக் குடில்ல 1978 மாடு இருக்கு செல்லாயி. வடுவோட."

அவள் சட்டென்று எழுந்தாள். "பழசா? அப்பிடின்னா இப்பத்திய மாட்ட வுடப் பெருசா இருக்குமே?"

"ஆமா, கொஞ்சம் பெருசுதான்."

"இருக்கும். மண்ணு காய காயச் சுண்டும். பொம்மைலேர்ந்து அச்சி, அச்சிலேர்ந்து பொம்மன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு நூலு கொறையும். பெருசுன்னா அது அத்தயோட மொத அச்சிக்குக் கிட்டத்துல பொறந்தது."

அன்றைக்கு டிசம்பர் இருபத்து நாலு. மறுநாள் பிறப்பு விழா. குடிலிலிருந்து மாட்டை எடுத்தால் அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வடுவை நெடுநேரம் பார்த்தார்.

"ஆண்டவர் மண்ணால மனுசனப் புடிச்சாருன்னுதான் படிச்சிருக்கேன். அச்சு வச்சிருந்தாருன்னு எழுதலையே."

"அப்பா, நேரமாகுது."

"மாடும் கழுதையும் மூச்சு விட்டுத்தான் பாலனுக்குக் குளிர் போச்சும்பாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மாட்ட எடுத்துட்டா?" கொஞ்சம் யோசித்தார். "போவட்டும், குடுத்துடு. இந்த வருஷம் கழுதை ரெண்டு பேர் மூச்சையும் விடட்டும்."

மாடு துண்டில் சுற்றிக்கொண்டு வண்டிப்பாளையம் போனது. சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு பாதியாக அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் விழுந்த முதல் மாட்டை ஈரத்தோடு வைத்துக்கொண்டு செல்லாயி ஒவ்வொரு விலங்காக மாற்றினாள். காஷ்மீர் விலங்கையும் சேர்க்கச் சொன்னேன். "சின்னதுதான, ஆட்டுக்குட்டி மாதிரி மாத்திக்கிறேன்" என்றாள். ஆறு விலங்குகளாயின. மார்கழிப் பனியில் மண் காயவே இல்லை. சாமிக்கண்ணு அடுப்பைச் சுற்றிப் பலகை போட்டு, பிள்ளைக்கு ஒற்றடம் கொடுப்பதுபோல் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். போகிக்கு முதல் நாள் சூளை வைத்தார்கள். அதே நேரம் அவருடைய மேஸ்திரி திருச்சூரிலிருந்து போன் செய்து, இருபத்து மூன்றாம் தேதிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். செல்லாயி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி இருபத்தொன்று, சிதம்பரம். நான் ஆறு பொம்மைகளை ஒரே வரிசையில் வைக்கவில்லை. மேசை மேல் சுண்ணாம்பால் ஒரு மரம் வரைந்து, ஒரு கிளையில் குடில் மாட்டையும், இன்னொரு கிளையில் காஷ்மீர் விலங்கையும், அடுத்த கிளையில் திமிங்கலக் கூட்டத்தையும் வைத்தேன். மரத்தின் அடியை வெறுமையாக விட்டேன். செல்லாயி புதுப்புடவை கட்டிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் விறைத்து நின்றாள்.

நடுவர்களில் மூத்தவர் குனிந்து பார்த்தார். எனக்குப் பட்டதுதான் அவருக்கும் பட்டது. "எல்லாத்துலயும் ஒரே இடத்துல பள்ளம் இருக்கே. அச்சுல கோளாறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லாயி பேசினாள். "ஆமாங்க ஐயா, கோளாறுதான். அதனாலதான் இதுங்க ஒரு வம்சம்னு தெரியுது. நல்லா இருக்கற கண்ணையும் காதையும் யாரு வேணாலும் புதுசாப் புடிக்கலாம். அதே எடத்துல அதே கோளாறு வேற கைக்கு வராது."

அவர் நிமிர்ந்தார். "அப்போ மாட்டிலிருந்து திமிங்கலம் வந்ததா?"

அவள் செய்தது மாட்டிலிருந்துதான். செல்லாயி மேசையைப் பார்த்தாள். மரத்தின் வெறும் அடியில் விரலை வைத்தாள்.

"இல்லிங்க ஐயா. ரெண்டுக்கும் முன்னால ஒரு தாய் அச்சி இருந்துருக்கும். அது ஒடைஞ்சி போச்சி. நம்மகிட்ட இருக்கறது அதோட பொம்மைங்கதான். பொம்மைய வச்சித்தான் அச்ச கண்டுபுடிக்கணும்."

நடுவர் கையிலிருந்த தாளை மடக்கிவிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். செல்லாயி சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். என் வகுப்பில் ஒருத்தியும் நான் சொல்லாமல் எழுதிக்கொண்டதில்லை.

பரிசு கிடைக்கவில்லை. மாணவிகள் செய்யாத பொருளுக்குப் பரிசு கிடையாதாம். நான் போட்ட சண்டையை அந்தப் பள்ளி வராந்தா இன்னும் மறந்திருக்காது. செல்லாயி பொம்மைகளைப் பொதிந்துகொண்டே, "வுடுங்க டீச்சர், மூணு பேரு செல் நம்பர் வாங்கிக்கினு போனாங்க" என்றாள். குரல் மட்டும் இறங்கியிருந்தது. ரயிலுக்கு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சாமிக்கண்ணு பையில் துணி அடுக்கிவிட்டார். மத்தியானம் திட்டக்குடியிலிருந்து ஞானசேகரன் என்று ஒரு தலைமையாசிரியர் பேருந்து பிடித்து விசாரித்து விசாரித்துக் கொட்டகைக்கே வந்துவிட்டார். தன் பள்ளிக்கும் பக்கத்து மூன்று பள்ளிகளுக்கும் ஆளுக்கு ஒரு செட் வேண்டுமாம். தங்கள் ஊர் வயலில் கிடைக்கிற சுருள் கல்லுக்கும் ஒரு பொம்மை செய்து தரமுடியுமா, ஓடு இருந்தபோது எப்படி இருந்தது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றார். செல்லாயி கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்தாள். சாமிக்கண்ணுதான் "செய்யலாம் சார்" என்றார். தலைமையாசிரியர் போனதும் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஒரு மாசம் கழித்து வருகிறேன் என்றார். அந்த ஒரு மாதம் பங்குனி ஆனது, சித்திரை ஆனது. அப்புறம் மேஸ்திரியே கேட்பதை விட்டுவிட்டார்.

2011 கிறிஸ்துமஸுக்குச் செல்லாயி எங்கள் மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "வருஷம் முழுக்க இது முகத்தப் பாத்துத்தான் வேலை செஞ்சேன். பாலனுக்குக் குளிராம இருக்கட்டும்" என்றாள். சரியாக ஐந்து நாள் கழித்து ‘தானே’ புயல் அடித்தது. கடலூரில் அந்தக் காலையை யாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. வண்டிப்பாளையத்துக் கொட்டகையின் கூரை பறந்தது, சுவர் அச்சு அடுக்கின் மேல் விழுந்தது. ஆள் சேதம் இல்லை, அச்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மின்சாரமும் போனும் இல்லாத ஊரில் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி மூன்றாம் நாள் செல்லாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா குடிலுக்குப் போய் மாட்டை எடுத்தார்.

"ஜனவரி ஆறாந்தேதி மூவரசர் வர்றதுக்குள்ள கெளம்புது பாரு, கொடுத்து வச்ச மாடு" என்றார்.

அந்த மாட்டிலிருந்துதான் எல்லாம் மறுபடி வந்தது. பள்ளிகளுக்குப் போன பொம்மைகளும் ஒவ்வொன்றாக அச்சுக்கு வந்து திரும்பிப் போயின. இந்தத் தடவை சுவரைச் சாமிக்கண்ணு கான்கிரீட்டில் எழுப்பினார். திருச்சூரில் கற்ற வேலை.

2012 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு சாமிக்கண்ணுவே வந்தார். செல்லாயிக்குக் கொட்டகையில் கை ஒழியவில்லையாம். அப்பாவுக்குக் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை. மாட்டை வாங்கி மடியில் வைத்து, இடது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். நம் மாடுதான் என்று தெரிந்துகொண்டு, தலையைத் தூக்கினார்.

"நீதானப்பா அன்னிக்குத் தொட்டில்ல அழுத புள்ள?"

"ஆமாங்க ஐயா" என்றார் சாமிக்கண்ணு, கூச்சத்தோடு.

"நல்ல நேரம் பாத்து அழுதேப்பா" என்று சொல்லிவிட்டு, அப்பா மாட்டைப் பாலன் பக்கத்தில் வைத்தார்.